சிலந்தியின் மணங்கண்ட சான்றோர்: ஆன்றி ஃபாபர்

காவிரி கடலொடு கலக்கும் நாட்டின் கீழ்க்கோடியிலே, நாகூருக்கு அணித்தாக, காரைக்காற் பகுதியின் தென்னெல்லையில் அமைந்தது கீழவாஞ்சூர் என்னும் எம்மூர். காரைக்கால் 1739-ஆம் ஆண்டிற் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. இடையிடையே ஆங்கிலேயர் கைக்கு மாறிய காலம் நீங்கலாக, 1954-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள்வரை அவர்தம் ஆட்சியே அங்கு நிலவிற்று. ஆட்சி போயும் அதன் சுவடு முற்றும் போகவில்லை. காவலர் தலையிலுள்ள செந்தொப்பியும், முதியோர் நாவிற் புழங்கும் சில பிரெஞ்சுச் சொற்களும் இன்றும் அதனை நினைவூட்டும். துய்ப்ளே முதலிய ஆட்சியாளர் பெயர்களை எம்மூர்ச் சிறுவரும் அறிவர். ஆயின், அந்நாட்டிற் பிறந்து, வாளேந்தாது, கப்பலேறாது, ஒரு தரிசு நிலத்திற் குந்தியிருந்து புழு பூச்சிகளை நோக்கியே புகழ்பெற்ற பெரியார் ஒருவரை எம்மவருள் அறிந்தார் மிகச் சிலரே. அவரே ழான் ஆன்றி ஃபாபர் என்பவர். அவர்தம் வரலாற்றையும், சிறப்பாக அவர் சிலந்திகளின் மணவாழ்வை ஆராய்ந்த திறத்தையும் இயன்றவரை ஈண்டு எடுத்துரைக்க முற்படுகின்றேன்.

தமிழ் பயில்வானுக்குச் சிலந்தியோடு யாது தொடர்பென்று நண்பர் வினவக்கூடும். யான் சிறுவனாயிருந்தபோது எம் வீட்டுச் சுவரில் கைவிரித்தாற் போன்ற அகலமுடைய சிலந்தி ஒன்று, காசு போன்ற வெண்ணிறத் தட்டொன்றை வயிற்றின்கீழ் அணைத்துக்கொண்டு அசையாது நின்றது. யான் துடைப்பத்தால் அதனை அடித்து வீழ்த்தினேன். வீழ்ந்த பின்னும் அத்தட்டை அது விட்டிலது. தட்டுக் கிழியவே, உள்ளிருந்து கடுகினுஞ் சிறிய குஞ்சுகள் நாற்புறமும் சிதறியோடின. பிள்ளைத்தாய்ச்சியைக் கொன்றமைக்காக என் பாட்டியார் அன்று முழுதும் என்னைக் கடிந்துகொண்டார். பல்லாண்டுகள் சென்றபின், ஃபாபர் எழுதிய சிலந்தி வரலாறுகளை, 1912-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பின் வாயிலாகக் கல்லூரி நூல்நிலையத்திற் படிக்க நேர்ந்தது. படித்தபோது அத்துடைப்பம் என் கையில் மீண்டும் கனத்தது. இக்கட்டுரைக்கு அதுவே காரணம்.

இளமையும் வறுமையும்

ஃபாபர் 1823-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், பிரான்சு தேயத்தின் தென்பாகத்து மலைநாட்டில், சேன் லெயோன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். பெற்றோர் மிக வறியர். ஆதலின் குழந்தைப் பருவத்திற் சின்னாள் பாட்டன் பாட்டியரது பட்டிக்காட்டு வீட்டில் வளர்ந்தார். ஞாயிற்றின் ஒளியை நாம் காண்பது கண்ணாலா வாயாலா என்னும் ஐயம் அக்குழந்தைக்கு எழுந்தது. கண்ணை மூடி வாயைத் திறந்து பார்த்தது; ஒளி மறைந்தது. வாயை மூடிக் கண்ணைத் திறந்தது, ஒளி தோன்றிற்று. தான் கண்ட இவ்வுண்மையை வீட்டார்க்கு உரைத்தபோது யாவரும் நகைத்தனர். பிறர் நகைப்பினும் தானே சோதித்தறியும் இவ்வியல்பு அவரைத் தொண்ணூற்றோராண்டும் விட்டு நீங்கவில்லை.

அவர் முதற்கண் பயின்ற பள்ளி ஓர் அறையே. அதுவே சமையற்கட்டு, அதுவே உணவறை. கோழியும் பன்றிக்குட்டியும் மாணாக்கரோடு கூடவே உள்வந்து போகும். ஆசிரியரோ ஊரார்க்கு முகமழித்தல், கோயில் மணி அடித்தல் முதலிய பல தொழில்களுக்கிடையே கற்பித்தவர். பத்தாம் அகவையிற் குடும்பம் ரொதேஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. தந்தையார் ஆங்கொரு காப்பிக் கடை வைத்தார். அது செழிக்கவில்லை. ஊர் ஊராக அலைந்தும் நிலை உயர்ந்திலது. இறுதியிற் குடும்பமே சிதறிற்று. இளைஞர் ஃபாபர் சந்தையில் எலுமிச்சம்பழம் விற்றார்; இருப்புப்பாதை போடுமிடத்திற் கூலியாளாய் உழைத்தார். அந்நிலையிலும் கல்வியை மறந்தாரல்லர். அவிஞோன் நகரின் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியார் நடத்திய தேர்வில் வென்று உதவிச் சம்பளம் பெற்றமையால், பசியும் அலைச்சலும் ஒருவாறு ஒழிந்தன.

ஆசிரியப் பணி

1842-ஆம் ஆண்டில், நம்மிற் பலர் கல்லூரி புகும் அகவையில், அவர் கார்ப்பந்திராஸ் ஊரில் ஆசிரியரானார். ஆண்டுச் சம்பளம் 700 பிராங்கு. நில அளவை கற்பிக்க மாணாக்கரை வெளியிடங்கட்கு அழைத்துச் செல்வார். ஆங்கு அவர்கள் அளவுகோலை விடுத்துக் கூழாங்கற்களைப் புரட்டி, வைக்கோற் குழலால் எதனையோ உறிஞ்சுவதைக் கண்டார். கற்களின்மேல் மண்ணாற் கூடுகட்டி வாழும் ஒருவகைத் தேனீயின் தேன் அது. அதன் வரலாற்றை அறியும் வேட்கையாற் பூச்சிநூல் ஒன்றை வாங்கினார். அதன் விலை அவர்தம் ஒரு திங்கட் சம்பளம். வீட்டில் இளமனைவியும் வறுமையும் இருந்த நாளில் வாங்கிய அந்நூலே அவர்தம் வாழ்க்கைக்கு வழிகாட்டியாயிற்று.

பின்னர்க் கணிதம், இயற்பியல் முதலிய துறைகளை ஆசிரியரின்றித் தாமே பயின்று பட்டங்கள் பெற்றார். 1849-இல் கோர்சிகாத் தீவிற்குச் சென்றார். ஆங்கு வந்த மோக்கேன் தாந்தோன் என்னும் அறிஞர், நீர்நிறைந்த தட்டில் நத்தை ஒன்றை வைத்து, தையலூசிகளைக் கொண்டே அதன் உள்ளுறுப்புக்களைப் பிரித்துக் காட்டினார். உயிரியல் பயிலப் பெருஞ்செல்வம் வேண்டாம். ஊசியும் கண்ணும் பொறுமையும் போதும் என்பதை ஃபாபர் அன்று கண்டுகொண்டார். காய்ச்சல் நோயால் அத்தீவினின்று நீங்கி, 1853-இல் அவிஞோன் மேனிலைப் பள்ளியை அடைந்து, அங்குப் பதினெட்டாண்டளவு பணியாற்றினார். அத்தனை ஆண்டுகளிலும் சம்பளம் 1600 பிராங்குக்கு மேல் உயர்ந்திலது.

இக்காலத்தே லெயோன் துய்ஃபூர் என்னும் முதுபெரும் பூச்சிநூலார், வண்டுகளைப் பிடித்துத் தன் வளையிற் சேர்த்துவைக்கும் குளவியைப் பற்றி எழுதிய கட்டுரையை ஃபாபர் படித்தார். அவ்வண்டுகள் நெடுநாள் அழுகாதிருத்தல் கண்ட துய்ஃபூர், குளவியின் நஞ்சு பிணத்தைக் கெடாது காக்கும் மருந்தெனக் கருதினார். ஃபாபர் தாமே வளைகளைத் தோண்டி நோக்கினார். வண்டுகள் இறந்தன அல்ல. இயக்க நரம்பு முடிச்சிற் குளவி குத்தியமையால் உயிரோடிருந்தே அசைவற்றுக் கிடந்தன. குஞ்சுக்குப் புத்துணவு கிடைப்பதற்கு இஃது இயற்கை வகுத்த வழி. 1855-இல் வெளியான இவ்வாராய்ச்சிக்குப் பிரெஞ்சு அறிவியற் கழகத்தார் பரிசளித்தனர். சார்லசு டார்வினும் ஃபாபரை ஒப்பற்ற உற்றுநோக்காளர் என்னும் கருத்துப்படப் போற்றினார்.

ஆயினும் புகழ் சோறு போடவில்லை. குடும்பம் பெருகிற்று. மஞ்சிட்டி வேரினின்று தூய செஞ்சாயம் பிரிக்கும் முறையை ஃபாபர் பல்லாண்டு உழைத்துக் கண்டார். அஃது அவரைச் செல்வராக்கும் நிலையில், 1868, 1869-ஆம் ஆண்டுகளிற் செர்மானிய வேதியியலார் அச்சாயப்பொருளைக் கரித்தாரினின்று ஆக்கிவிட்டனர். மஞ்சிட்டி வயல்கள் பாழாயின. அவர் உழைப்பும் பாழாயிற்று. நம் சோழமண்டலக் கடற்கரை மணலில் தோண்டிய சாயவேரும் அதே செயற்கைச் சாயத்தாலேயே நலிந்தது என்பதை நினைத்தால், பிரான்சுநாட்டு ஆசிரியர் துயரும் நம் நாட்டுச் சாயக்காரர் துயரும் ஒன்றாகத் தோன்றும்.

1865-இல் பட்டுப்புழு நோயை ஆராயப் புறப்பட்ட லூயி பாஸ்தர் ஃபாபரிடம் வந்தார். பட்டுக்கூட்டைக் காதருகே ஆட்டிப் பார்த்து, உள்ளே ஏதோ உளதே என வியந்தார். கூட்டுக்குள் புழு உருமாறிக் கிடப்பதை அவர் அதுவரை அறிந்திலர். அறியாமையோடு வந்து பட்டுத்தொழிலையே காத்த அவர் துணிவை ஃபாபர் பின்னாளில் வியந்து எழுதினார். முன்னறிவு இல்லாமையும் ஒரோவழி நன்மையே என்பது அவர் கண்ட பாடம்.

வெளியேற்றம்

கல்வியமைச்சர் விக்தோர் துய்ரூய் ஃபாபரின் திறனறிந்து 1868-இல் அரசின் பெருவிருது கிடைக்கச் செய்தார். அவ்வமைச்சர் விழைவின்படி அவிஞோனில் யாவர்க்கும் உரிய மாலை வகுப்புக்கள் தொடங்கின. ஃபாபரின் வகுப்பிற்கு இளம்பெண்களும் வந்தனர். மலரில் மகரந்தம் சூலகத்தை அடைந்து காயாகும் முறையை அவர் விளக்கினார். இவ்வெளிய உண்மை பெண்கள் செவியிற் படலாகாதென்று பழமை விரும்பிகள் சினந்தெழுந்தனர். பழி ஊரெங்கும் பரவிற்று. வாடகைக்கு வீடளித்திருந்த முதுபெண்டிர் இருவர், திங்களொன்றில் வெளியேறுமாறு கட்டளையிட்டனர். எழுத்து உடன்படிக்கை இன்மையால் ஃபாபர் மறுத்து வழக்காட இயலவில்லை. மனைவியும் மக்களும் தெருவில் நிற்கும் நிலை.

அவ்வமயம் உதவியவர் ஆங்கிலப் பேரறிஞர் சான் சுடூவர்ட் மில். மனைவியை அவிஞோனில் அடக்கஞ் செய்து அவ்வூரருகே வாழ்ந்த அவர், செடிகொடி ஆராய்ச்சியில் ஃபாபருக்குத் தோழரானவர். ஃபாபர் நிலையறிந்து 3000 பிராங்கை ஆவணமின்றி அனுப்பினார். ஃபாபர் ஒராஞ்சு என்னும் ஊரிற் குடியேறி, பள்ளிச் சிறுவர்க்கான அறிவியல் நூல்களை இரவும் பகலும் எழுதிக் கடன் முழுதும் தீர்த்தார். மலரின் மணத்தைச் சொன்னமைக்காக வீடிழந்த அவர், பிற்காலத்திற் சிலந்தியின் மணத்தையும் தேளின் மணத்தையும் உலகறியச் சொல்லியதை நோக்குழி, உண்மையுரைப்பார்க்கு அச்சம் இல்லை என்பது புலனாகும்.

1877-இல் அவர்தம் மகன் ழூய்ல் பதினாறாம் அகவையளவில் இறந்தான். பூச்சிகளைத் தேடுவதில் தந்தைக்குக் கண்ணாயிருந்தவன் அவன். துயரம் தாங்கலாற்றாத தந்தை, தாம் கண்ட குளவியினங்கள் மூன்றனுக்கு அவன் பெயரையிட்டார். கல்லிற் பொறித்த பெயர் தேயும். பறந்து திரியும் உயிர்களிற் பொறித்த பெயர் இன்றும் நூல்களில் நிற்கின்றது.

தரிசு நிலத்துத் தவம்

நூல்வருவாயைச் சேர்த்துவைத்து, 1879-இல் செரிஞான் சிற்றூரில் ஏறத்தாழ ஒரு எக்டேர் நிலமும் வீடும் வாங்கினார். அதன் பெயர் அர்மாஸ். அந்நாட்டு வழக்கிற் பயிரிடாத தரிசு என்பது பொருள். கல்லும் முள்ளும் நெருஞ்சியும் மிக்க அந்நிலத்தை உழவர் இகழ்வர். குளவியும் தேனீயும் சிலந்தியுமோ விரும்பும். நாற்பதாண்டு விழைந்த செல்வம் அவர்க்கு ஐம்பத்தைந்தாம் அகவையிற் கிட்டிற்று. அவ்வாண்டே அவர்தம் பூச்சிநூல் நினைவுகளின் முதற்றொகுதி வெளிவந்தது. பத்தாந்தொகுதி 1907-இல் முடிந்தது. கைக்குட்டையளவு சிறியதொரு மேசையிலமர்ந்தே அவற்றையெல்லாம் எழுதினார்.

இனி அவர் சிலந்திகளை நோக்கிய முறையைக் காண்போம். டாரன்டுலா என்னும் பெயர் இத்தாலி நாட்டுத் தாரந்தோ நகரடியாகப் பிறந்தது. அந்நாட்டிலுள்ள பெரிய சிலந்தி கடித்தவர் இசைக்கேற்ப ஆடி வியர்த்தாலன்றிப் பிழையார் என்று மக்கள் நம்பினர். பின்னர் அமெரிக்கா புகுந்த ஐரோப்பியர் ஆங்குக் கண்ட மயிர்மிக்க பெருஞ்சிலந்திகட்கும் அப்பெயரையே இட்டனர். இன்று அப்பெயர் அவற்றிற்கே உரியதாய்விட்டது. ஃபாபர் ஆராய்ந்தது பழம்பெயர்க்குரிய கூட்டத்தைச் சார்ந்த, நார்போன் நாட்டுக் கருவயிற்றுச் சிலந்தி. ஓரடியளவு ஆழமுள்ள வளை தோண்டி, வாயிலைச் சுற்றிச் சுள்ளியும் கல்லும் நூலாற் பிணைத்துச் சிறுமதில் எழுப்பி வாழ்வது அது. ஃபாபர் புற்கதிர் ஒன்றை உள்ளே விட்டு அசைப்பார். சிலந்தி அதனைக் கவ்வும். மெல்ல வாயில்வரை இழுத்துப் பின்வழியை அடைப்பார்.

நஞ்சின் வலியறிய ஒரு சிட்டுக்குருவிக் குஞ்சைக் கடிக்கச் செய்தார். முதலிற் காலொன்றே முடங்கிற்று. அவர்தம் மகளிர் அதற்கு ஈயும் ரொட்டித் துண்டும் பழச்சதையும் ஊட்டினர். பிழைக்குமென்றே யாவரும் நம்பினர். ஆயின் அது சின்னாளில் இறந்தது. உணவருந்தும்போது வீட்டார் தம்மைப் பேசாது நோக்கிய நோக்கில் தமக்குரிய கண்டனத்தைக் கண்டதாக அவர் ஒளியாது எழுதுகின்றார். ஆராய்ச்சியாளர் பலர் மறைப்பதை மறையாமை அவர்தம் பெருமை.

ஓர் ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில், தோட்டத்துப் புதரடியிற் பெரிய பெண்சிலந்தி ஒன்றைக் கண்டதாகப் பிள்ளைகள் அவரை அழைத்தனர். சென்று நோக்கினார். வயிறு பருத்த அது, தன்னினும் சற்றே சிறிய மற்றொரு சிலந்தியை அமைதியாகத் தின்றுகொண்டிருந்தது. தின்னப்பட்டது அதன் கணவனே. மணவினை முடிந்தபின் நேர்ந்த முடிவு அது. ஃபாபர் இடைபுகவில்லை. கடைசித் துணுக்கும் தீர்ந்தபின் அப்பெண்ணை மணல்நிறைந்த மட்சட்டியில் விட்டுக் கம்பிவலைக் கூண்டால் மூடினார். பத்து நாள் கழித்து ஒரு விடியலில் அது நிலத்தின்மேல் நூற்பாய் நெய்து, அதன்மேல் முட்டையிட்டு, உருண்டைப் பையாகச் சுருட்டிப் பின்புறத்தே தொங்கவிட்டுக்கொண்டதைக் கண்டார்.

அன்றுதொட்டு அப்பையை அது விட்டு நீங்கவில்லை. பறிக்க முயன்றாற் கடித்துப் போரிடும். ஃபாபர் அதனை மாற்றித் தக்கையால் உருட்டிய உருண்டை ஒன்றை இட்டார். அதனையும் தன் பையெனவே கொண்டு சுமந்தது. அன்பு பெரிது, அறிவு சிறிது. வெயில் நாட்களில் வளைவாயிலில் நின்று பையை ஞாயிற்றுக்கு நேரே உயர்த்தி, மெல்லத் திருப்பித் திருப்பிக் காய்ச்சும். இவ்வாறு மூன்று நான்கு வாரம். குஞ்சுகள் வெளிவந்தபின் அவையெல்லாம் தாயின் முதுகிலேறி ஏழு திங்களளவு வாழ்கின்றன. இரு தாயர் போரிட்டு ஒன்று மற்றொன்றைக் கொன்று தின்னுமிடத்தும், இறந்தவளின் குஞ்சுகள் வென்றவள் முதுகிலேறிக்கொள்ளும், அவளும் விலக்குவதில்லை. கணவனைத் தின்பதும் மாற்றார் பிள்ளையைச் சுமப்பதும் ஒரே உயிரின் செயல்கள். நல்லது தீயது என்னும் நம் அளவுகோலை அவ்வுயிர்மேல் வைத்தல் பொருந்தாது.

சேர்த்துவைக்கும் நெறி

ஆணும் பெண்ணும் கூடுங்காற் பெண் ஆணைத் தின்பதை ஃபாபர் கும்பிடுபூச்சியினிடத்தும் தேளினிடத்தும் கண்டார். கண்ணாடிச் சுவருள்ள அடைப்பில் தேள்களை வளர்த்து, இளவேனில் மாலைகளில் ஏழு மணி முதல் ஒன்பது மணிவரை வீட்டாருடன் விளக்கேந்தி நோக்கினார். ஆண் பெண்ணின் கொடுக்குகளைப் பற்றிக்கொண்டு பின்னோக்கி நடக்கும். பெண் உடன் செல்லும். நெடுநேரம் உலாவி ஓட்டுச்சில்லின்கீழ் மறையும். விடிந்து பார்த்தாற் சிலவேளை ஆண் உணவாயிருக்கும். கூண்டில் அடைபட்டமையால் நேர்ந்த தீமையோ இது என ஃபாபரும் ஐயுற்றார். கும்பிடுபூச்சிக்கு இரை குறைவின்றி இருந்தமையை நினைந்து, அது பசியின் செயலன்று என்றே முடிவு செய்தார். இவ்விடத்து அவர் முடிவு முழுமையன்று. நிறைய உண்ட பெண் ஆணைத் தின்பது அரிதாகின்றது என்றும், பசித்த பெண்ணே பெரிதும் தின்கின்றது என்றும் பிற்கால ஆராய்ச்சியாளர் கண்டனர்.

இவ்வுண்மையே இன்று டாரன்டுலாக்களை வளர்த்துப் பெருக்குவோர்க்கு முதற்பாடம். அவர்தம் முறையை ஈண்டுச் சுருங்கக் கூறுவேன். ஆண்சிலந்தி இறுதித் தோலுரித்த பின்னரே மணத்திற்குரியதாகும். வாயருகிலுள்ள இரு உணர்கைகளின் நுனி அப்போது பருக்கும். பெரும்பாலான இனங்களில் முன்கால்களில் கொக்கிகள் தோன்றும். அது சிறியதொரு நூற்பாய் நெய்து, அதில் விந்துத்துளியை இட்டு, அதனை உணர்கை நுனியில் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இது முடியுமுன் அதனைப் பெண்ணிடம் விடுதல் வீண். பெண்ணோ, தோலுரித்துப் பல வாரங்கள் சென்று, நச்சுப்பல்லும் உடலும் இறுகிய நிலையில் இருத்தல் வேண்டும். தோலுரிக்கும் காலம் அணுகிய பெண்ணைச் சேர்த்தாற் பயனில்லை. விந்து தங்கும் பையின் உட்டோலும் உரிந்துபோதலின் முட்டை கருவுறாது.

பெண்ணுக்குச் சில நாள் வயிறார இரையளித்தல் வேண்டும். உண்ணாது விட்ட இரையை அகற்றல் வேண்டும். ஆணின் பெட்டியைப் பெண்ணின் இருப்பிடத்தருகே சின்னாள் வைத்து ஒன்றையொன்று உணரச் செய்வாரும் உளர். பின், மாலை மயங்கும் வேளையில், பெண்ணின் வளைவாயிலுக்குச் சேய்மையில், ஓடித்தப்ப வழியுள்ள பக்கத்தே, ஆணை விடுவர். பெண் நெய்த நூலைத் தீண்டியவுடன் ஆண் நிலத்தைத் தட்டும். அஃது அதன் தூது. பெண் மறுதட்டுத் தட்டினால் இசைவு. மறுமொழியின்றிப் பற்களை விரித்துப் பாயுமாயின், இடையே அட்டை ஒன்றைச் செலுத்தி இரண்டையும் பிரித்தல் வேண்டும், வெறுங்கையை நுழைத்தலாகாது. இசைந்தவழி ஆண் தன் கொக்கிகளாற் பெண்ணின் பற்களைத் தாங்கி உயர்த்தி, உணர்கையாற் கருவூட்டும். அது பின்வாங்கும் கணமே மிக இடர்மிக்கது. காப்போன் விழித்திருந்து, அதனை உடனே தன் பெட்டிக்கு மீட்டல் வேண்டும். முதிர்ந்த ஆணின் வாழ்நாள் பெரும்பாலும் சில திங்களே. பெண்ணோ சில இனங்களில் இருபதாண்டுக்கு மேலும் வாழும். ஆதலின் ஆணைக் காத்தல் அருமையுடைத்து. இத்தனை விதியும் ஒன்றில் அடங்கும்: அவ்வுயிரின் காலமும் குறிப்பும் அறிந்து நடத்தல். ஃபாபர் விளக்கேந்திக் காத்திருந்ததும் அதற்கேயன்றோ?

நம் நாட்டிலும் இவ்வினங்கள் உள. மரப்பொந்துகளில் வாழும் அழகிய பெருஞ்சிலந்திகள் இந்தியாவிற்கும் இலங்கைக்குமே உரியவை. இராமேசுவரத்து ஹனுமவிலாசம் கோயிற் பெயரால் ஓரினம் 2004-இல் நூலோர்க்கு அறிமுகமாயிற்று. 2008-இல் அது மிகவும் அருகிய உயிர்களின் பட்டியலிற் சேர்ந்தது. அதன் உறைவிடமாகிய மரங்கள் குறைதலே காரணம். வெளிநாட்டு வளர்ப்போர் விரும்புதலால் இவற்றைக் களவிற் கடத்துவாரும் உளர். அதனைத் தடுக்க 2019-இல் உலகநாடுகளின் உடன்படிக்கை ஒன்று இக்கூட்டம் முழுவதன் வாணிகத்தையும் கட்டுப்பாட்டுக்குள் கொணர்ந்தது. ஆதலின் நம் மாணவர் இவற்றைப் பிடித்து அடைக்க முயலாது, இருந்தவிடத்தே நோக்குதல் அறம்.

இறுதிக் காலம்

1885-இல் ஃபாபரின் மனைவியார் இறந்தார். இருயாண்டு கழித்து மறுமணம் செய்துகொண்டு மேலும் மூன்று மக்களைப் பெற்றார். டார்வினிடம் பெருமதிப்புக் கொண்டு, அவர் விரும்பிய சோதனைகளையும் செய்து பார்த்தாரேனும், உயிரினங்கள் படிமுறையால் மாறி வந்தன என்னும் அவர்தம் கொள்கையை ஃபாபர் இறுதிவரை ஏற்றிலர். தாம் கண்ட இயல்புணர்ச்சிகள் அத்துணைச் செம்மையாயிருத்தலின் அவை சிறிது சிறிதாய் வளர்ந்திருத்தல் இயலாதென எண்ணினார். பிற்கால அறிவியல் டார்வின் பக்கமே நின்றது. கொள்கையில் வழுவினும் காட்சியில் வழுவாமையால், அவர் எழுதியவற்றை எதிர்க்கொள்கையினரும் சான்றாகக் கொள்கின்றனர்.

பாடநூல் வருவாய் குறைந்து, எண்பது கடந்த முதுமையில் மீண்டும் வறுமை அவரை நெருக்கிற்று. 1910-ஆம் ஆண்டு ஏப்பிரலில் நண்பரும் அறிஞரும் கூடி அவர்க்கு விழாவெடுத்தனர். உலகம் அப்போதுதான் திரும்பிப் பார்த்தது. நூல்கள் பல மொழிகளிற் பரவின. 1913-இல் குடியரசுத் தலைவர் புவன்காரேயே அவர் வீடு தேடி வந்தார். கண்ணொளி மங்கி, நடை தளர்ந்த பின் வந்த புகழ் அது. 1915-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள், தொண்ணூற்றோராண்டு நிரம்பிய அவர் தம் அர்மாஸ் இல்லத்தில் உயிர் நீத்தார். அந்நிலத்தையும் வீட்டையும் 1922-இல் பிரெஞ்சு அரசு ஏற்றது. இன்று அது காட்சிச்சாலையாய் விளங்குகின்றது.

முடிவுரை

நண்பர்காள்! இத்தகைய நோக்கு நம் கடற்கரைக்குப் புதிதன்று. காரைக்காலுக்கு வடக்கே தரங்கம்பாடியில், 1768-இல் மருத்துவராய் வந்த கோனிக் என்பார் செடிகொடிகளையும் உயிர்களையும் ஆராய்ந்து ஐரோப்பிய அறிஞர்க்கு அறிவித்தார். ஆயின் அவ்வாராய்ச்சிகள் தமிழில் எழுதப்படாமையால் நம் வீட்டுக் கூடத்தை அடைந்தில. ஃபாபரோ, உழவனும் சிறுவனும் படிக்கத்தக்க இனிய தாய்மொழியில் எழுதினார். அதனால் அறிவியலும் இலக்கியமும் ஒருங்கே வளர்ந்தன. தமிழ் பயிலும் நாம் நம் முன்றிலிலுள்ள உயிர்களைத் தமிழில் எழுதப் புகுவோமாயின், அதுவும் தமிழ்த் தொண்டே ஆகும். அதற்குப் பொருள் வேண்டாம், கருவி வேண்டாம். ஏழு மணி முதல் ஒன்பது மணிவரை ஒரு விளக்கும் பொறுமையும் வேண்டும்.

சென்ற கோடை விடுமுறையில் எம் வீட்டுச் சுவரில், வெண்டட்டு அணைத்த சிலந்தி ஒன்றை மீண்டும் கண்டேன். துடைப்பம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. யான் அதனை எடுத்திலேன். விளக்கைச் சற்றே தணித்துவைத்து, பாட்டியாரையும் அழைத்து, இருவேமும் அதனை நெடுநேரம் நோக்கியிருந்தேம்.